மோட்டோரோலா ரேசர் வி3: ஒரு ரகசியக் குழு செய்த போனை இன்று பயன்படுத்திப் பார்த்தேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம். ரேசர் வி3 கையில் எடுத்துப் பார்க்க இன்றைக்கும் அசத்தலான போன், உள்ளே போய் எதையாவது செய்ய ஆரம்பித்தால் எரிச்சல் மூட்டும் போன், இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். பெரிய கம்பெனிக்குள்ளே ஒரு சின்னக் கூட்டம், மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒளிந்து செய்த போன் இது. ஆங்கிலத்தில் ஸ்கங்க் வொர்க்ஸ் என்பார்கள். அந்தக் கூட்டத்தின் கை எங்கெல்லாம் பட்டது, எங்கெல்லாம் படவில்லை என்பது போனைப் புரட்டினாலே தெரிகிறது. எனக்கு இந்த விமர்சனம் எழுத ஆசை வந்ததே அதனால்தான், இல்லையென்றால் 2004-இல் வந்த போனுக்கு இப்போது விமர்சனம் எழுத எனக்கென்ன பைத்தியமா.

போன் என் சித்தப்பாவுடையது. துபாயில் வேலை பார்த்தபோது வாங்கினார், வெள்ளி நிறம், ரொம்ப நாளாகப் பீரோவில் கிடந்தது. கேட்டதும் "எடுத்துக்கோடா, அது ஓடாது" என்று கொடுத்துவிட்டார். ஓடுகிறது. பேட்டரி மட்டும் உப்பிப் போயிருந்தது, மாற்றினேன்.

முதலில் உடம்பைப் பற்றி. மூடி வைத்தால் தடிமன் 13.9 மில்லிமீட்டர், எடை 95 கிராம். இப்போதைய போன்கள் 7, 8 மில்லிமீட்டரில் வருகிறதே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இது மடிப்பு போன் என்பதை மறக்கக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு சேர்ந்துதான் அந்த 13.9. அந்தக் காலத்து மடிப்பு போன்களை நினைத்துப் பாருங்கள், சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும், உச்சியில் ஆன்டெனாக் கட்டை வேறு துருத்திக்கொண்டிருக்கும். அப்படி இருந்த இடத்தில் இதைக் கொண்டுவந்து வைத்தபோது ஜனங்கள் வாயைப் பிளந்ததில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு மெலிதாக எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு முடிவுகள். ஒன்று, ஆன்டெனாவை உச்சியிலிருந்து எடுத்து, வாய்ப்பக்கம், அதாவது போனின் அடிப்பகுதியில் வைத்தார்கள். ரேசரின் அடியில் ஒரு தாடை புடைத்துக்கொண்டு நிற்குமே, அது அழகுக்கு வைத்ததல்ல, ஆன்டெனா குடியிருக்கும் இடம். மேல் தட்டை மூடினால் அது அந்தத் தாடைக்குப் பின்னால் போய் சமமாக உட்கார்ந்துகொள்ளும், அதனால் புடைப்பு புடைப்பாகவே தெரியாது. இரண்டாவது, பேட்டரியைச் சர்க்யூட் போர்டுக்கு அடியில் அடுக்காமல் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இருந்ததைப் பக்கம் பக்கமாக வைத்தால் தடிமன் குறையும், ஆனால் அகலம் கூடும். கூடியது. போனின் அகலம் 53 மில்லிமீட்டர்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மோட்டோரோலாவிலேயே, மனிதக் கைக்கு எது வசதி என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு பிரிவு இருந்தது. அவர்கள் கணக்குப்படி 49 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் போனால் பிடிக்க வசதிப்படாது. சாதாரணமாக நடக்கிற ஒரு புராஜெக்ட்டாக இருந்தால் இந்தப் போன் அந்த இடத்திலேயே செத்திருக்கும். ஒரு மீட்டிங், ஒரு குறிப்பு, "அகலத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்", அவ்வளவுதான், குறைத்தால் தடிமன் ஏறும், தடிமன் ஏறினால் அது இன்னொரு சாதாரண மடிப்பு போன். ரேசர் குழு தாங்களே மாதிரிகள் செய்து கையில் பிடித்துப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று விதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. 53 மில்லிமீட்டர் என் கையில் எப்படி இருக்கிறது என்றால், அருமையாக இருக்கிறது. கன்னத்தில் வைத்துப் பேசும்போது நிஜமாகவே பேசுகிற மாதிரி இருக்கிறது, இப்போதைய கண்ணாடிப் பலகைகளைக் காதில் ஒட்டிக்கொண்டு நிற்பதை விட ஆயிரம் மடங்கு மேல். விதி போட்டவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் அளந்து பார்த்ததெல்லாம் தடித்த போன்களாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம் கீபேட். தனித்தனி பட்டன்களே கிடையாது. நிக்கல் பூசிய செப்புக் கலவையில் ஒரே தகடு, ரசாயனத்தால் அரித்துக் கோடு போட்டு எண்களைப் பிரித்திருக்கிறார்கள், அடியிலிருந்து நீல வெளிச்சம் வரும். இருட்டில் திறந்தால் இப்போதும் ஒரு நொடி பார்க்கத் தோன்றும். வெளி உடம்பு அலுமினியம், உள்ளே மெக்னீசியம், திரைக்குக் கெட்டிப்படுத்திய கண்ணாடி. குளிர்காலக் காலையில் எடுத்தால் விரலில் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் போனில் இந்த உணர்வு வராது. குறை என்றால், தகடு தட்டையாக இருப்பதால் பார்க்காமல் டைப் அடிப்பது கஷ்டம், நோக்கியாவில் மேஜைக்கு அடியில் கை வைத்து மெசேஜ் அனுப்பிய தலைமுறைக்கு இது புரியும்.

இதைச் செய்தவர்கள் யார், எந்த நிலைமையில் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2003-இல் மோட்டோரோலா நிலைமை சரியில்லை. நோக்கியா எட்டாத தூரத்துக்கு முந்திப் போய்விட்டது. கேமரா வைத்த போன்களை அந்த வருடப் பண்டிகை விற்பனைக்கு நேரத்தில் கொண்டுவர முடியாமல் சொதப்பினார்கள். நிறுவனரின் பேரன் கிறிஸ் கால்வின் தலைமைப் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தது அந்த வருடம் செப்டம்பரில். அவருக்குப் பிறகு எட் ஜேண்டர் 2004 ஜனவரியில் வந்து உட்கார்ந்தார், ரேசர் புகழெல்லாம் பிற்பாடு அவர் தலையில்தான் பூமாலையாக விழுந்தது, ஆனால் அவர் வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. சிகாகோவுக்கு வடக்கே லிபர்டிவில் என்ற ஊரில் மோட்டோரோலாவின் பெரிய கைபேசி வளாகம் இருந்தது. அந்தக் கைபேசிப் பிரிவுக்குள்ளேதான் "தின் கிளாம்", அதாவது மெல்லிய சிப்பி என்ற ரகசியப் பெயரில் ஒரு குழு. ரோஜர் ஜெலிகோ என்ற எலெக்ட்ரிகல் இன்ஜினியர் தலைவர், கிறிஸ் ஆர்ன்ஹோல்ட் வடிவமைப்பாளர். வேலை சூடுபிடித்தபோதும் இன்ஜினியர்கள் இருபது பேர் அளவுக்குத்தான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டிங், பேருக்கு ஒரு மணி நேரம், முடிய ராத்திரி ஏழு கூட ஆகும்.

பக்கத்து மேஜைக்காரனுக்குக் கூட என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. போனை டிஜிட்டல் படம் எடுக்கவே தடை, எங்கேயாவது மின்னஞ்சலில் நழுவிவிடும் என்ற பயம். மாதிரி போன் வளாகத்தை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் குழுவில் ஒருவர் கூடவே போக வேண்டும். வழக்கமாக எந்தப் புதுப் போனையும் ஒவ்வொரு நாட்டு மேலாளர்களிடமும் காட்டி, நெட்வொர்க் கம்பெனிகளிடமும் காட்டி, அவர்கள் ஆளுக்கொரு குறை சொல்ல, அதையெல்லாம் திருத்தித்தான் வெளியே விடுவார்கள். இதற்கு அந்தச் சடங்கே நடக்கவில்லை. நல்லவேளை. 2004 ஜூலையில் அறிவித்தார்கள், அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் சிங்குலர் என்ற நெட்வொர்க் கம்பெனியின் கடைகளுக்கு வந்தது, அவர்கள் நெட்வொர்க்கிலேயே இருப்பதாக ஒப்பந்தம் போட்டு வாங்கினாலே ஏறத்தாழ 500 டாலர். அன்றைக்கு அது கொள்ளை விலை.

இந்த மாதிரிக் குழுக்களுக்கெல்லாம் மூத்தது லாக்ஹீட் விமானக் கம்பெனியில் இருந்தது, ஸ்கங்க் வொர்க்ஸ் என்ற பேரும் அங்கிருந்துதான். 1943-இல் ஜெர்மானியர்களிடம் ஜெட் விமானம் இருக்கிறது என்ற பதற்றத்தில் அமெரிக்க ராணுவம் கேட்க, கெல்லி ஜான்சன் என்ற இன்ஜினியர் ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, கலிபோர்னியாவில் பர்பேங்க் ஊரில், பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் சர்க்கஸ் கூடாரத் துணியைக் கூரையாகப் போட்டு வேலையை ஆரம்பித்தார். நாற்றம் தாங்காமல் ஒரு இன்ஜினியர் போனை எடுக்கும்போது, அந்நாளைய பத்திரிகைச் சித்திரத் தொடர் ஒன்றில் வந்த நாற்றம் பிடித்த பட்டறையின் பேரைச் சொல்லிக் கிண்டலாக எடுத்தார், பேர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அது லாக்ஹீடின் பதிவு செய்த வணிகப் பெயர். ஜான்சன் பிற்பாடு எழுதிய 14 விதிகளில் எனக்குப் பிடித்தது, புராஜெக்ட்டோடு சம்பந்தப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கிட்டத்தட்ட கொடூரமாகவே கட்டுப்படுத்த வேண்டும் என்பது. நம் ஊர் ஆபீசில் ஒரு மின்னஞ்சலுக்கு நாற்பது பேரை நகல் போடுகிறவர்கள் அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த முதல் விமானத்தை, எக்ஸ்பி-80, 143 நாளில் கட்டி முடித்தார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. நிர்வாகவியல் வகுப்புகளில் கதை அங்கேயே முடிந்துவிடும். அதற்கடுத்து நடந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். விமானத்தை 1943 நவம்பரில் முரோக் பாலைவன விமானத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்ஜின் மட்டும் இவர்களுடையதல்ல, பிரிட்டனிலிருந்து வந்தது. தரையில் வைத்து ஓட்டிப் பார்க்கும்போது காற்று உள்ளே போகும் குழாய்கள் நொறுங்கி உள்ளே இழுக்கப்பட்டு இன்ஜின் நாசமாகிவிட்டது. வேறு இன்ஜின் வர டிசம்பர் கடைசி ஆயிற்று. முதல் தடவை பறந்தது 1944 ஜனவரி 8. தங்கள் கையில் இருந்ததை 143 நாளில் முடித்தவர்கள், வெளியிலிருந்து வர வேண்டிய ஒரு பொருளுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ரேசரைத் திறந்து மெனுவுக்குள் போனதும் எனக்கு அந்த இன்ஜின்தான் ஞாபகம் வந்தது.

ரேசரின் மென்பொருள் ரகசியக் குழு புதிதாகச் செய்ததல்ல. அப்போது மோட்டோரோலா தன் போன்கள் எல்லாவற்றிலும் போட்டுக்கொண்டிருந்த அதே பொது மென்பொருள், அதற்குச் சற்று முன் வந்த வி600-இல் என்ன மெனுவோ கிட்டத்தட்ட அதேதான் இதிலும். கூட்டுக் குடும்பத்தில் சண்டை போட்டுத் தனி அடுப்பு வைத்தவன், மாவை மட்டும் பெரிய வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்ட கதை. அடுப்பு புதிது, தோசை பழைய தோசை. மெசேஜ் ஒன்றை அழிக்க எத்தனை பட்டன், செட்டிங்ஸ் உள்ளே செட்டிங்ஸ், அதற்குள் இன்னொரு செட்டிங்ஸ். நோக்கியா மெனுவைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவோம், இதில் கண்ணைத் திறந்துகொண்டே தொலைந்து போகலாம். ஐடேப் என்று ஒரு சொல் ஊகிக்கும் முறை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் சொற்களை அடுக்கிக்கொண்டே வரும், நோக்கியாவில் இருந்த டி9 என்ற சொல் ஊகிக்கும் முறைக்குப் பழகிய விரலுக்கு அது வேதனை.

கேமரா விஜிஏ, அதாவது 0.3 மெகாபிக்சல். உள்ளே படம் வைக்க இருக்கும் இடம் சுமார் 5 எம்பி. மெமரி கார்டு போட வழியே இல்லை. இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் காலை வணக்கப் படமே அதில் பாதியைத் தின்றுவிடும். 500 டாலருக்கு இதுதானா என்று அன்றைக்கே கேட்டார்கள், நியாயமான கேள்வி. மெமரி கார்டும் கொஞ்சம் நல்ல கேமராவும் அடுத்து வந்த வி3ஐ மாடலில்தான் கிடைத்தன. உள் திரை 2.2 அங்குலம், வெளித்திரை குட்டியாக 96க்கு 80 புள்ளி, ஆனால் கலர், மணியும் கூப்பிடுகிறவர் பேரும் பார்க்கப் போதும், அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மணி பார்க்கத் திறக்கவே வேண்டாம்.

மதிப்பெண் போடச் சொன்னால் உடம்புக்கு 5க்கு 5, மென்பொருளுக்கு 5க்கு ஒன்றரை. சராசரி எடுக்காதீர்கள், இரண்டும் ஒரே கம்பெனியின் இரண்டு வேறு கம்பெனிகள் செய்தவை.

குழுவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் மென்பொருளையும் புதிதாக எழுதுகிறோம் என்று உட்கார்ந்திருந்தால் போன் வந்தே இருக்காது. ஒளிந்து வேலை செய்கிறவர்களுக்கு எதைத் தொடுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. ஐபிஎம் இதையே வேறு விதமாகச் செய்தது. 1980-இல் தலைமையகத்திலிருந்து தூரமாக, புளோரிடாவில் போகா ரேடன் ஊரில் ஒரு சின்னக் குழுவை உட்காரவைத்தார்கள், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி வந்தது. ஒரு வருடத்தில் முடித்ததற்குக் காரணம், சிப்பை இன்டெலிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட்டிடமும் வெளியிலிருந்து வாங்கினார்கள். வேகமாக வந்தது, கொடிகட்டிப் பறந்தது, அதே காரணத்தால் காம்பாக் போன்ற கம்பெனிகள் அதே பாகங்களை வாங்கி நகல் போட்டுச் சந்தையைப் பங்கு போட்டார்கள். மோட்டோரோலாவாவது மாவை வீட்டிலேயே வாங்கியது, ஐபிஎம் தெருவில் எல்லோருக்கும் விற்கிற கடையில் வாங்கிவிட்டது.

ரேசர் எவ்வளவு விற்றது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் எண்களைச் சொல்லாமல் விட முடியாது. 2006 ஜூலைக்குள் 5 கோடி. மொத்த ஆயுளில் 13 கோடிக்கும் மேல். மடிப்பு போன்களில் இதற்கு மேல் எதுவும் விற்றதில்லை. கறுப்பு வந்தது, பிங்க் வந்தது, அப்புறம் இல்லாத கலர் இல்லை. விலை இறங்கிக்கொண்டே வந்து, அமெரிக்காவில் ஒப்பந்தம் போட்டால் சும்மாவே கொடுக்கும் நிலைக்கு வந்தது. 500 டாலருக்கு நகை மாதிரி விற்ற பொருளைச் சும்மா கொடுத்தால், முதலில் வாங்கியவன் என்ன நினைப்பான்?

2006 கடைசிக் காலாண்டில் மோட்டோரோலா 6 கோடியே 57 லட்சம் போன் விற்றது, அதுவரை விற்றதிலேயே அதிகம். அதே காலாண்டில் லாபம் முந்தைய வருடத்தில் பாதியாகச் சரிந்தது. விற்க விற்க லாபம் குறைந்தால் வியாபாரத்தில் எங்கோ ஓட்டை என்று பெட்டிக்கடைக்காரரே சொல்லிவிடுவார். 2007 இரண்டாம் காலாண்டில் சாம்சங் முந்திப் போய்விட்டது. அந்த வருடக் கடைசியோடு ஜேண்டர் தலைமைப் பதவியை விட்டுவிட்டார்.

நடுவில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் வயிறு எரியும். பேரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஸ்லிவர், பெபிள், கிரேசர், ரைசர் என்று வரிசையாக விட்டார்கள், ஆங்கிலத்தில் RAZR மாதிரி நாலு எழுத்தில் உயிரெழுத்தைப் பிடுங்கிப் போட்டால் ரேசர் ஆகிவிடும் என்று நினைத்தார்கள் போல. இதில் கிரேசர் ரொம்ப வேடிக்கை. ரேசருக்கு அடுத்த வாரிசு என்று கொண்டுவந்தார்கள், அகலத்தைக் குறைத்திருந்தார்கள், தடிமன் கூடியிருந்தது. எந்த விதியை உடைத்ததால் ரேசர் ரேசரானதோ, அந்த விதி சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஆப்பிளோடு சேர்ந்து 2005 செப்டம்பரில் ராக்கர் என்று ஒன்று விட்டார்கள், ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் உண்டு, ஆனால் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. அதே மேடையில் அன்றைக்கே ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபாட் நானோ என்ற பாட்டுக் கருவியையும் எடுத்துக் காட்டினார், யார் மனம் எதில் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2007 ஜனவரியில் அதே ஆள் ஐபோனைக் காட்டினார், அதற்கப்புறம் மடிப்பின் மெலிவைப் பற்றி யாரும் பேசவில்லை, எல்லோரும் திரையையும் மென்பொருளையும் பற்றிப் பேசினார்கள். ரகசியக் குழு தொடாமல் விட்ட அந்தப் பாதிதான் போன் வியாபாரம் என்று ஆகிப்போனது.

அந்த இருபது பேரையும் அவர்களுடைய வழியையும் வைத்துக்கொண்டு மோட்டோரோலா இரண்டாவது தடவை மென்பொருளில் இதே மாதிரி ஒரு கலகம் செய்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. செய்யவில்லை. பெரிய கம்பெனி ரகசியக் குழுவிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டது, பழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பிற்பாடு கைபேசிப் பிரிவு 2012-இல் கூகுளிடம் போய், 2014-இல் லெனோவோவிடம் போனது. 2019 நவம்பரில் ரேசர் என்ற பேரில் திரையையே மடிக்கிற போன் ஒன்றை அறிவித்தார்கள், அதிலும் அடியில் அதே தாடை இருந்தது, இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ₹1,24,999 ஆக இருந்தது. நான் கடையில் தொட்டுப் பார்த்ததோடு சரி.

சரி, இப்போது பயன்படுத்த முடியுமா? நம் ஊரில் முடியும். இது 2ஜி போன், நாலு அலைவரிசையிலும் வேலை செய்யும். ஜியோவில் 2ஜியே கிடையாது என்பதால் அந்த சிம் போட்டுப் பிரயோஜனமில்லை, ஏர்டெல் மாதிரி 2ஜி இருக்கிற சிம் வேண்டும். சிம் பழைய பெரிய அளவு, இப்போதைய நானோ சிம்மை அடாப்டரில் வைத்துத்தான் போட வேண்டும், பேட்டரிக்கு அடியில் இருக்கும். அமெரிக்காவில் இருக்கிற உறவுக்காரர்களுக்கு ஆசையாக அனுப்பி வைக்காதீர்கள், அங்கே ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்திலேயே 2ஜியை மூடிவிட்டது, மற்றவர்களும் மூடிக்கொண்டே வந்துவிட்டார்கள், அங்கே இது பேப்பர் வெயிட்.

பேச்சு தெளிவாக இருக்கிறது, சிக்னல் பிடிப்பதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, தாடையில் ஆன்டெனா வைத்ததால் பேசும்போது விரல் அதன் மேல் போகாமல் பிடிப்பது தானாகவே வந்துவிடுகிறது. பேங்க் ஓடிபி வரும், அலாரம் அடிக்கும், அழைப்பை முடிக்க டப்பென்று மூடலாம், இந்தக் கடைசி விஷயத்துக்காகவே சிலர் வாங்குவார்கள், எனக்குப் புரிகிறது. கோபத்தில் போனை வைப்பது என்ற கலையே இப்போதைய போன்களில் அழிந்துவிட்டதே.

பேட்டரி 680 எம்ஏஎச். நல்ல பேட்டரியாக இருந்தால் குறைவாகப் பேசுகிறவர்களுக்கு ஓரிரு நாள் வரும். நல்ல பேட்டரி கிடைப்பதுதான் பாடு. நான் வாங்கிய முதல் பேட்டரி மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் ஒரிஜினல், கடை பேர் வேண்டாம், அரை நாள் தாங்கவில்லை. சார்ஜிங் மினி யுஎஸ்பி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, வயர் பொருந்தினாலும் எல்லா சார்ஜரையும் இது ஏற்றுக்கொள்ளாது, மோட்டோரோலாவுக்கென்று செய்த அந்தக் காலத்து சார்ஜராக இருந்தால் தொல்லை இல்லை. போனோடு சார்ஜரும் சேர்ந்து கிடைத்தால் கூடுதலாக நூறு இருநூறு கொடுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய போன் வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள். "புத்தம் புது ரேசர்" என்று யாராவது பெட்டியோடு நீட்டினால் சந்தேகப்படுங்கள், பழைய போர்டுக்குப் புதுச் சட்டை மாட்டியதாக இருக்கலாம். கீபேட்டை விரலால் தடவிப் பாருங்கள், உலோகமாகச் சில்லென்று இருக்க வேண்டும், வெள்ளிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் என்றால் தொட்டவுடன் தெரிந்துவிடும். இருட்டில் வைத்துத் திறந்து, நீல வெளிச்சம் எல்லா எண்ணுக்கும் சமமாக வருகிறதா என்று பாருங்கள். மேல் தட்டை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டே உள் திரையைக் கவனியுங்கள், நடுவில் எங்காவது திரை மினுக்கினாலோ கோடு விழுந்தாலோ மடிப்பின் வழியே போகும் ஃபிளெக்ஸ் என்ற வளையும் வயர்ப் பட்டை போகப்போகிறது என்று அர்த்தம், மடிப்பு போன் எல்லாவற்றிலும் முதலில் போவது அதுதான். கீல் தளர்ந்து லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். ஸ்பீக்கரில் ஒரு ரிங்டோன் போட்டுக் கேளுங்கள், வாய்ப்பிருந்தால் உங்கள் சிம்மையே போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள், விற்கிறவர் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு எளிமையான போன் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இதை வாங்காதீர்கள், அந்த மெனுவை வைத்துக்கொண்டு அவர்கள் உங்களைத்தான் தினமும் கூப்பிடுவார்கள். ஸ்மார்ட்போனைக் குறைக்க ஆசைப்பட்டு இரண்டாவது போன் தேடுகிறவர்கள் யோசிக்கலாம், மெசேஜ் அதிகம் அனுப்புகிறவர் என்றால் வேண்டாம். பொருட்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதில் ஆர்வம் உள்ளவர்கள், முக்கியமாக இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள், ஓடாத ரேசர் ஒன்று சல்லிசாகக் கிடைத்தால் வாங்கிப் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி எங்கே, போர்டு எங்கே, ஆன்டெனா எங்கே என்று ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதற்கு டார்க்ஸ் என்ற நட்சத்திர முனை உள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும், சாதாரணமானதை வைத்து முயற்சி செய்து திருகுகளை வழுக்கிவிடாதீர்கள்.

ஓடுகிற நிலையில், சார்ஜரோடு, கீறல் குறைவாக இருந்தால் நான் இரண்டாயிரம் வரை கொடுப்பேன். வி3ஐ என்றால் இன்னும் ஐந்நூறு சேர்த்து.